மூன்று தங்கமும் முக்கால் ஆளும்

என் அண்ணனுக்குக் குத்துச்சண்டை போடத் தெரியாது. முஷ்டியை மடக்கச் சொன்னால் கட்டைவிரலை உள்ளே வைத்து மடக்குவான். ஆனால் ஹெவிவெயிட் சாம்பியன்களைப் பற்றிக் கேட்டுவிட்டால் போதும், பிரித்த மிக்சியைப் பிரித்தபடியே போட்டுவிட்டு ஒரு மணி நேரம் பேசுவான். திண்டுக்கல் நாகல் நகரில் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறான். சுவரில் சாய்த்து வைத்த செல்போனில் எந்நேரமும் யாராவது இரண்டு பேர் அடித்துக்கொண்டிருப்பார்கள். சட்னி அரைக்க முடியாமல் தேடி வரும் அக்காமார்கள் அவனை வைவார்கள். வைதுவிட்டு, வேறு வழியில்லாமல் சற்று நேரம் நின்று அந்தச் சண்டையையும் பார்த்துவிட்டுப் போவார்கள்.

பூட்டுப் பட்டறை வைத்திருந்த ஒருவர் மாலையில் டீ குடிக்க அந்தக் கடைக்கு வருவார். அவருக்கும் இந்தக் கிறுக்கு உண்டு. 

"நாப்பத்தொம்பது சண்டை போட்டிருக்கான். ஒண்ணுலகூடத் தோக்கல. அவனுக்கு மேல எவன் இருக்கான்?" என்று அவர் ஆரம்பிப்பார்.

அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டான். "அது கெடக்கட்டும்ணே. யாரை அடிச்சான்?"

அவனுடைய அளவுகோல் இந்த ஒரு கேள்விதான். ஒரு சாம்பியனின் பெயரைச் சொன்னால் பழைய ரசீதைத் திருப்பிப் போட்டு, அந்த ஆள் மோதிய எதிராளிகளை வரிசையாக எழுதுவான். ஒவ்வொருவருக்கும் நேராக முழு, அரை, கால் என்று ஏதாவது ஒன்றைப் போடுவான். முழு ஆள் என்றால் நல்ல வயதில், நல்ல உடம்போடு, ஜெயிக்க வேண்டும் என்று வந்தவன். அரை ஆளுக்குப் பெயர் பெரிதாக இருக்கும், ஆனால் முழங்கால் தேய்ந்திருக்கும். ரிங்கில் இரண்டு பேர் நிற்க வேண்டுமே என்பதற்காகக் கூட்டி வரப்பட்டவன் கால் ஆள். இப்படிக் கூட்டிப் பார்த்தால் தோற்காத சாம்பியன் திடீரென்று பாதியாகச் சுருங்கிப்போவான்.

"இவன் அஞ்சு தடவ தோத்திருக்கான்யா. இவனப் போயி என் ஆளுக்கு மேல வைக்கிறியே?" என்று பட்டறைக்காரர் சண்டைக்கு வருவார்.

"யார்கிட்டத் தோத்தான்னு பாருங்கண்ணே. அஞ்சும் முழு ஆளு. ஜெயிச்சதுல பத்து முழு ஆளு. இவன் அடுத்தவன் வீட்டுக் கதவத் தட்டி வாடான்னு கூப்பிட்டவன். உங்காளு கதவச் சாத்திக்கிட்டு உள்ள உக்காந்தவன்."

எனக்கு இந்தப் பேச்சு பிடிக்கும். கேட்டுக் கேட்டு நானும் அதே மாதிரி பேசப் பழகியிருந்தேன். டிவியில் எவனாவது பெல்ட்டைத் தூக்கிக் காட்டினால் "யாரை அடிச்சானாம்?" என்று நானும் கேட்பேன். ஒரே ஒரு இடம்தான் உறுத்தியது. உலகத்துச் சாம்பியன்களை எல்லாம் ரசீதின் பின்பக்கம் ஏற்றிய என் அண்ணன், தன் வீட்டிலேயே இருந்த ஒரு ஹெவிவெயிட் சாம்பியனின் கணக்கை மட்டும் ஒரு நாளும் போட்டதில்லை. அந்தச் சாம்பியன் நான்தான்.

நான் பள்ளிக்கூடத்தில் குண்டு எறிந்துகொண்டிருந்தவள். உடம்பு வாட்டம் அப்படி. பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் உட்கார மாட்டார். வீட்டில் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள், கேட்பவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். கல்லூரியில் உடற்கல்வி படிக்கும்போது குத்துச்சண்டைக்குப் போனேன். மைதானத்தில் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் என்னைத் தராசில் நிறுத்திப் பார்த்தார். எழுபத்தொன்பதரை கிலோ.

"ஏம்மா, இன்னும் ரெண்டு கிலோ ஏறிரு. எண்பத்தொண்ணுக்கு மேல போயிட்டா பொம்பளப் புள்ளைகள்ல ஆளே கெடையாது. கண்ண மூடிக்கிட்டுத் தங்கம் வாங்கலாம்."

எடைப் பிரிவுகளில் கடைசியாக இருப்பது அதுதான். எண்பத்தொன்றைத் தாண்டினால் ஹெவிவெயிட். மற்ற பெண்கள் எல்லாம் போட்டிக்கு முந்தைய நாள் பட்டினி கிடந்து, வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓடி எடையைக் குறைப்பார்கள். நான் மட்டும் பிரியாணி சாப்பிட்டு, காலையில் வாழைப்பழமும் தண்ணீருமாக ஏற்றிக்கொண்டு தராசில் போய் நிற்பேன். முள் எண்பத்தொன்றைத் தாண்டியதும் எல்லோரும் கைதட்டுவார்கள். எனக்கும் அது பெரிய கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிந்தது.

முதல் வருடம் மாநிலப் போட்டியில் எனக்கு எதிராகப் பெயர் கொடுத்த பெண் வரவே இல்லை. அப்படி வராவிட்டாலும் சும்மா மெடலைக் கொடுத்துவிட மாட்டார்கள், அதற்கு ஒரு சடங்கு இருக்கிறது. நான் கையுறை, தலைக்கவசம், பல் காப்பு எல்லாம் மாட்டிக்கொண்டு ரிங்கில் ஏற வேண்டும். எதிர் மூலை காலியாக இருக்கும். அந்தப் பெண்ணின் பெயரை மைக்கில் மூன்று முறை கூப்பிடுவார்கள். மணி அடிப்பார்கள். அவ்வளவு பெரிய ரிங்கில் நான் மட்டும் நின்றுகொண்டிருப்பேன். பிறகு நடுவர் வந்து என் ஒரு கையைப் பிடித்து உயர்த்துவார். நான் ஜெயித்தவள். ஒரு சொட்டு வியர்வை வந்திருக்காது.

தெருக்காரர்கள் பிளெக்ஸ் வைத்தார்கள். "திண்டுக்கல்லின் இரும்புப் பெண், மாநில ஹெவிவெயிட் சாம்பியன்" என்று என் படத்துக்குக் கீழே பதினெட்டுப் பேரின் சின்னப் படங்கள். அந்தப் பதினெட்டுப் பேரில் யாரோடாவது மோதியிருந்தால்கூட எனக்கு ஒரு சண்டை கிடைத்திருக்கும்.

இரண்டாவது வருடம் ஒரு பெண் வந்தாள். குத்துச்சண்டைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறதாம், அவர்கள் மாவட்டத்துக்கு எல்லாப் பிரிவிலும் ஆள் காட்ட வேண்டும் என்பதற்காகக் கபடி அணியிலிருந்து இழுத்து வந்திருந்தார்கள். நான் மூன்று குத்து விட்டதும் அவள் நடுவரைப் பார்த்து, "சார், போதும் சார்" என்றாள். மூன்றாவது வருடம் வந்தவர் உண்மையிலேயே ஆடத் தெரிந்தவர், ஆனால் குழந்தை பெற்று எட்டு மாதத்தில் திரும்பி வந்திருந்தார். இரண்டாவது ரவுண்டில் மூச்சு வாங்கி நின்றுவிட்டார். ரிங்கைவிட்டு இறங்கியதும் குழந்தைக்குப் பால் கொடுக்கப் போனார். அந்தக் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத் தங்கத்தை வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தேன்.

அந்த மூன்றாவது தங்கத்துக்கு வீட்டில் எல்லோருமாகப் பிரியாணிக் கடைக்குப் போனோம். பக்கத்து மேசைக்காரர் பிளெக்ஸில் பார்த்த முகம் என்று என்னை அடையாளம் கண்டுகொண்டு அண்ணனிடம் கேட்டார், "தங்கச்சிதானா? மூணு தடவ சாம்பியனாமே. யாரு யாரையெல்லாம் அடிச்சுச்சு?"

அவனுடைய கேள்வி அது. அவன் வாயிலிருந்து வந்து அது எத்தனை சாம்பியன்களைச் சுட்டிருக்கும். இப்போது அதே கேள்வி அவனிடமே வந்ததும் அண்ணன் இலையைப் பார்த்தான். பிறகு பரிமாறுகிறவரைப் பார்த்து, "அண்ணே, இங்க தயிர் வெங்காயம் கொஞ்சம்" என்றான்.

எனக்குச் சுரீர் என்றது. அண்ணன் என்னைக் காப்பாற்றுகிறான் என்று புரிந்தது. அவன் என்னைத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. வீட்டுக்கு வந்ததும் கடையைத் திறக்கச் சொல்லி, ரசீது புத்தகத்தை எடுத்து அவன் முன்னால் போட்டேன்.

"என் கணக்கப் போடு."

"என்னத்துக்குப் பாப்பா? நீ நம்ம வீட்டுப் புள்ள."

"ஊரு உலகத்துக்குப் பூராம் போடுறேல்ல. எனக்கும் போடு."

அவன் பேனாவை எடுத்தான். கொஞ்சம் தயங்கினான். ஆனால் காகிதத்தைத் திருப்பிப் போட்டதும் அந்த வேலைக்காரப் புத்தி வந்துவிட்டது, தங்கச்சி என்பது மறந்துவிட்டது.

"மொத வருஷம்?"

"ஆள் வரல."

"பூச்சியம். ரெண்டாவது?"

"கபடிக்காரப் புள்ள."

"கால் ஆளு. மூணாவது?"

"கைப்புள்ளக்காரி. ஆனா நல்லா ஆடுனாங்க."

"அரை ஆளு. சந்தேகமில்லாம அரை." கீழே கோடு போட்டுக் கூட்டினான். "மொத்தத்துல முக்கா ஆளு."

மூன்று தங்கம், முக்கால் ஆள். மேசையில் இருந்த மிக்சி மூடியை எடுத்து அவன்மேல் எறிந்தேன். அவன் குனிந்துகொண்டான். குண்டு எறிந்தவளின் குறி தப்பியதில் அவனுக்குச் சிரிப்பு வேறு வந்துவிட்டது. மூன்று நாள் அவனோடு நான் பேசவில்லை.

கோபம் அவன்மேல் இல்லை என்பது நான்காவது நாள்தான் எனக்கு உறைத்தது. அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். எதிராளி இல்லாமல் போனது என் அதிர்ஷ்டமோ துரதிர்ஷ்டமோ இல்லை. எதிராளி இருந்தாள். எண்பத்தொன்றுக்கு உள்ளே, நான் பிரியாணி சாப்பிடாவிட்டால் இருந்திருக்க வேண்டிய அதே பிரிவில் இருந்தாள். வடசென்னைப் பெண். என்னைவிட ஒரு சாண் உயரம், நீளமான இடதுகை. தேசியப் போட்டியில் வெண்கலம் வாங்கியவள். முதல் வருடம் அவள் ஆடியதை நான் கேலரியில் உட்கார்ந்து பார்த்தேன். அவளிடம் அடி வாங்கிய பெண் ரிங்கின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கியதையும் பார்த்தேன். நல்லவேளை நாம் மேலே வந்துவிட்டோம் என்று அன்றைக்கு நினைத்ததை என்னால் மறக்கவே முடியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்தவன் என்று அண்ணன் ஒரு சாம்பியனைச் சொல்வானே, அந்த ஆள் நான்தான்.

நான்காவது வருடம் மாநிலப் போட்டி எங்கள் ஊருக்கே வந்தது. ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியின் உள்ளரங்கில் ரிங் போட்டார்கள். எங்கள் தெருக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாண சீசன், பிளெக்ஸ் அடிக்கிற இடத்தில் கூட்டமாக இருக்கிறது, கடைசி நேரத்தில் கொடுத்தால் கிடைக்காது என்று போட்டி தொடங்குவதற்கு முந்தைய நாளே அடித்து வாங்கி வந்துவிட்டார்கள். "நான்காவது முறையாகத் தங்கம் வென்ற எங்கள் தங்கமே" என்று பதினைந்து அடி அகலத்தில் இருந்தது. அதை முன்னெச்சரிக்கையாக எங்கள் வீட்டு மாடியிலேயே சுருட்டி வைத்தார்கள். துணி காயப்போட மாடிக்குப் போன நான் அதை மிதிக்காமல் தாண்டிப் போக வேண்டியிருந்தது.

அன்றைக்கு மாலை ஐந்து மணிக்கு மாஸ்டர் போன் செய்தார்.

"ஏம்மா, ஒரு சங்கதி. அந்த மெட்ராஸ் புள்ள இந்த வருஷம் மேல ஏறி வாரா. எண்பத்தாறு கிலோவாம். ஹெவிவெயிட்டுல பேரு குடுத்திருக்கா."

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"நீ ஒண்ணும் பதறாத. எடை பாக்குற வரைக்கும் பிரிவ மாத்தலாம். இன்னைக்கு ராத்திரி ஒண்ணும் திங்காத. காலைல எண்பதுக்குள்ள வந்து நில்லு. கீழ பேரு குடுத்ததுல ரெண்டே ரெண்டு பேரு, ரெண்டும் புதுசு. தங்கம் எங்கயும் போகாது."

மாஸ்டர் கெட்டவர் இல்லை. அவருக்கு மாவட்டத்துக்கு வரும் மெடல் முக்கியம், என் பல்லும் முக்கியம். சொன்னதிலும் தப்பே இல்லை. நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தால் போதும். தங்கம் வரும், மாடியில் இருக்கிற பிளெக்ஸ் வீணாகாது, ஊர் முன்னால் மூக்கு உடைபடாது. ஒருத்தருக்கும் தெரியாது. அண்ணன் ரசீதில் இன்னும் ஒரு கால் ஆளோ அரை ஆளோ கூடும், முக்கால் என்பது ஒன்றேகாலாகக்கூட ஆகலாம்.

கடைக்குப் போனேன். அண்ணன் ஒரு கிரைண்டர் கல்லைத் தூக்கிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். இவ்வளவு நாளும் நான் சாப்பிட்டுச் சாப்பிட்டு மேலே போனது எதற்கு என்றும், கேலரியில் உட்கார்ந்து நான் நினைத்ததையும் சொன்னேன்.

"நான் ஓடிப்போயிச் சாம்பியன் ஆனவண்ணே" என்றேன். அழுகை வந்துவிட்டது. அழுதால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

அவன் கல்லை இறக்கி வைத்துவிட்டுக் கையைத் துடைத்தான். நான் எதிர்பார்த்த மாதிரி ஒரு வார்த்தையும் அறிவுரை சொல்லவில்லை.

"இப்ப என்ன செய்யப்போற?"

"ரெண்டு பிரியாணி வாங்கிட்டு வா. ஒண்ணு பத்தாது."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனான். கடையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். அவன் ஒரு வாய்கூட எடுக்காமல் நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். போட்டிக்கு முன்னால் எத்தனையோ தடவை அதே கடைப் பிரியாணியைச் சாப்பிட்டிருக்கிறேன், ஒளிந்துகொள்வதற்காக இல்லாமல் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. ருசியாக இருந்தது.

மறுநாள் காலை தராசு எண்பது கிலோ எண்ணூறு கிராம் என்று காட்டியது. எனக்கு உயிரே போய்விட்டது. இருநூறு கிராமுக்கும் மேலே வேண்டும். பயத்தில் உடம்பு அத்தனையையும் எரித்திருந்தது. எடையை எழுதுகிறவர் என்னை ஏறிட்டுப் பார்த்து, "கீழ் பிரிவுல போட்டுரவாம்மா?" என்றார். வேண்டாம் சார், ஐந்து நிமிஷம் கொடுங்கள் என்று கெஞ்சிவிட்டு வெளியே ஓடி வந்தேன். அண்ணன் இரண்டு லிட்டர் பாட்டிலோடு நின்றான். சுற்றிலும் பெண்கள் ஸ்வெட்டருக்குள் வெந்துகொண்டு எச்சிலைத் துப்பித் துப்பி எடையைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள், நடுவில் நான் மாடு மாதிரி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அந்த வடசென்னைப் பெண் வரிசையில் நின்றபடி என்னையே பார்த்தாள்.

"இன்னா, குறைக்கணும்னா தண்ணி குடிக்கக் கூடாது" என்றாள்.

"குறைக்கல. ஏத்துறேன்" என்றேன், வாயில் தண்ணீரோடு.

அவள் புருவத்தைத் தூக்கினாள். தராசு எண்பத்தொரு கிலோ எழுநூறு கிராம் காட்டியது. எங்கள் பிரிவில் வேறு யாரும் பெயர் கொடுக்கவில்லை, நேராக இறுதிப் போட்டிதான் என்றார்கள்.

மூன்றாம் நாள் மாலை நாலு மணிக்கு ரிங்கில் ஏறினேன். எதிர் மூலையில் ஆள் இருந்தாள். நீல உடுப்பு, முறுக்கிக் கட்டிய சடை. மணி அடித்ததும் நடந்து வந்து என் நெற்றியில் இடதுகையால் ஒன்று வைத்தாள். அது எங்கிருந்து வந்தது என்று நான் யோசிப்பதற்குள் இரண்டாவதும் வந்தது. மூன்று வருடமாகச் சாம்பியனாக இருக்கிறவளைப் போட்டியில் யாருமே ஒழுங்காக அடித்ததில்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நான் வீசியதெல்லாம் அவளுக்கு அரையடி முன்னாலேயே முடிந்துபோனது. ரவுண்டு முடியும்போது மூக்கில் ரத்தம். எங்கள் தெருக்காரர்கள் இருந்த பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை.

ஆனால் முக்காலியில் உட்கார்ந்தபோது எனக்குள் இருந்தது பயம் இல்லை. இதை எப்படிச் சொன்னாலும் கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள், சந்தோஷமாக இருந்தது. நான் தனியாக நின்ற ரிங் அது இல்லை.

மாஸ்டர் மூக்கைத் துடைத்துவிட்டார். "வெளிய நின்னா மூணு ரவுண்டும் இதேதாம்மா. அவ கை நீளம். அடி விழுந்தாலும் பரவால்ல, உள்ள போயிரு."

உள்ளே போவதற்கு வழியில் இரண்டு குத்து வாங்க வேண்டியிருந்தது. வாங்கிக்கொண்டே போனேன். ஒரு முறை உள்ளே நுழைந்த பிறகு அவளுடைய நீளமான கைக்கு இடமே இல்லை. விலாவில் குத்தினேன். இடது, வலது, மறுபடி வலது. அவளிடமிருந்து "ஹக்" என்று ஒரு சத்தம் வந்தது. அவளுக்கும் வலிக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு இன்னும் இரண்டு கை முளைத்த மாதிரி இருந்தது. அவள் என்னைத் தள்ளிவிட்டு விலகுவாள், நான் தலையைத் தாழ்த்திக்கொண்டு மறுபடியும் உள்ளே போவேன். இரண்டாவது ரவுண்டு முடிந்தபோது எங்கள் தெருக்காரர்கள் எழுந்து நின்றிருந்தார்கள்.

மூன்றாவது ரவுண்டில் நான் ஒன்றைக் கவனித்தேன். விலாவில் விழுந்த குத்துகளால் அவளுடைய இடதுகை குத்திவிட்டுத் திரும்பும்போது முகத்துக்கு வராமல் விலாவைக் காக்கக் கீழே போனது. முதல் முறை பார்த்துக்கொண்டேன். இரண்டாவது முறை உறுதியாயிற்று. மூன்றாவது முறை அவள் இடதுகை கிளம்பிய அதே நேரத்தில் நானும் வலதுகையை அதற்கு மேலாக விட்டேன். வாழ்நாளில் அப்படி ஒரு குத்தை நான் விட்டதில்லை. தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் அதிர்ந்தது. அவள் இரண்டடி பின்னால் போய்க் கயிற்றில் சாய்ந்தாள். நடுவர் என்னை ஒதுக்கி நிறுத்திவிட்டு எண்ணத் தொடங்கினார்.

எட்டு வரைக்கும் எண்ணினார். நான் எதிர் மூலையில் நின்றுகொண்டு, நிமிர்ந்து வா, நிமிர்ந்து வா என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். இது பெருந்தன்மை இல்லை. அவள் அங்கேயே நின்றுவிட்டால் யாராவது நாளைக்கு அவளுக்கு உடம்பு சரியில்லை என்பார்கள், காலில் வலி என்பார்கள், அரை ஆள் ஆக்கிவிடுவார்கள். எனக்கு அவள் முழுசாக வேண்டும்.

அவள் கையைத் தூக்கித் தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு வந்த ஒரு நிமிஷம் மாதிரி நான் எங்கேயும் அடி வாங்கியதில்லை. ஒவ்வொன்றும் நெஞ்சில் இறங்கியது. நான் ஒரு அடிகூடப் பின்னால் போகவில்லை. அவள் அடிக்க அடிக்க நானும் திருப்பி அடித்துக்கொண்டிருந்தேன், யாருடைய குத்து யார்மேல் விழுகிறது என்றுகூடத் தெரியவில்லை. மணி அடித்தது எங்கள் இருவருக்கும் கேட்கவில்லை. நடுவர் நடுவில் விழுந்து பிரித்துவிட்டார்.

ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் எனக்குப் போட்டிருந்தார்கள். நடுவர் எங்கள் இருவரையும் இரண்டு பக்கமும் நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய வலதுகையில் என் கை, இடதுகையில் அவள் கை. என் கை மேலே போனது. அவ்வளவுதான், தெருக்காரர்களுக்கு அதற்கப்புறம் யாரும் தேவைப்படவில்லை. "நாங்க அப்பவே அடிச்சிட்டோம்ல" என்று ஒருவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பிளெக்ஸைச் சொன்னார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அண்ணன் ரிங்குக்குக் கீழே நின்றான். மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான். நான் கயிற்றின் மேலாகக் குனிந்து, உதடு வீங்கியிருந்ததால் குழறிக் குழறிக் கேட்டேன்.

"இப்ப எம்புட்டு?"

"ஒண்ணே முக்கா" என்றான். சொல்லிவிட்டு மறுபடியும் மூக்கைச் சிந்தினான்.

உலகத்துச் சாம்பியன்களில் எத்தனையோ பேர் அவனுடைய ரசீதில் பத்து, பன்னிரண்டு என்று இருக்கிறார்கள். என்னுடையது ஒன்றே முக்கால். ஆனால் அந்த ஒன்றை யாராலும் குறைக்க முடியாது. அன்றைக்கு மெடலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஊர் முழுக்க நடந்து போயிருப்பேன், யாராவது யாரை அடித்தாய் என்று கேட்க மாட்டார்களா என்று ஆசையாக இருந்தது.

மெடல் கொடுத்து முடித்ததும் கல்லூரி கேன்டீனில் எல்லோருக்கும் சாப்பாடு. நான் கை கழுவக் குழாயடிக்குப் போனேன். குழாய்க்கு அந்தப் பக்கம், சுவர் ஓரமாக அவள் முதுகைக் காட்டிக்கொண்டு போன் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு கையால் ஐஸ் பையைக் கன்னத்தில் வைத்திருந்தாள். நான் வந்ததை அவள் கவனிக்கவில்லை.

"தோத்துட்டேம்மா" என்றாள். "ஐய, அழுவலாம் இல்லம்மா. நீ ஏம்மா அழுவுற."

அந்தப் பக்கம் அவளுடைய அம்மா ஏதோ கேட்டிருக்க வேண்டும். யார் உன்னை மேலே ஏறச் சொன்னது, கீழேயே இருந்திருந்தால் இந்த வருடமும் தங்கம் வந்திருக்குமே என்றுதான் கேட்டிருப்பார். எங்கள் அம்மாவும் அதைத்தான் கேட்டிருப்பாள்.

"கீழ இருந்து இன்னாம்மா பண்றது? ரெண்டு வருஷமா நான் பேர் குடுத்தா எவளும் வரமாட்றா. தெனம் நாலு மணிக்கு எந்திரிச்சு ஓடிட்டு, அங்க போயி தனியா நின்னு கை தூக்கிட்டு வரேன். அதுக்குப் பேரு தங்கமா?" அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டாள். பிறகு சிரித்தாள். வீங்கிய கன்னத்தோடு சிரித்ததில் வலித்திருக்க வேண்டும், ஐஸ் பையை எடுத்து மறுபடி வைத்துக்கொண்டாள்.

"இல்லம்மா, இந்த வாட்டி அப்டி இல்ல. இந்த வாட்டி நெஜமாவே ஆள் இருந்துச்சும்மா."

அந்த ஆள் நான்.